எலும்புக்கு வயது சொல்லும் சாம்பல்



அரை ஆயுட்காலத்தைக் கொண்டு புதைபடிவங்களின் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பேசும்படி கேட்டிருக்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல லட்சம் ஆண்டு, பல கோடி ஆண்டு பழைய ஒரு புதைபடிவத்தின் வயதை, பெரும்பாலும் அந்தப் படிவத்திலிருந்தே அளப்பதில்லை. அதற்கு மேலேயும் கீழேயும் படிந்திருக்கும் எரிமலைச் சாம்பலைத்தான் அளக்கிறார்கள். கீழே உள்ள சாம்பல் 20 லட்சம் ஆண்டு, மேலே உள்ள சாம்பல் 18 லட்சம் ஆண்டு என்றால், நடுவில் கிடக்கும் எலும்புக்குரிய விலங்கு அந்த இடைவெளியில் வாழ்ந்து மடிந்திருக்க வேண்டும். எலும்புக்கு வயது சொல்லும் சாட்சி எலும்பு அல்ல, அதற்கு மேலும் கீழும் கிடக்கும் சாம்பல். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் இன்று நான் சொல்லப்போகிற மற்றவை எல்லாம் தானாக விளங்கிவிடும்.

கார்பன் டேட்டிங் என்று ஒன்று இருக்கிறதே, அது எலும்பையே அளக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கீழடியில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பி, அது கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கண்டார்கள். செய்தித்தாளில் எல்லோரும் படித்திருப்பீர்கள். அந்த முறையை 1949ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியவர் சிகாகோவில் இருந்த வில்லார்ட் லிபி. அதற்காக 1960இல் நோபல் பரிசும் பெற்றார். உயிரோடு இருக்கும்வரை மரமும் விலங்கும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14ஐ எடுத்துக்கொண்டே இருக்கும். இறந்த அன்று வரவு நின்றுவிடும். இருப்பு மட்டும் கரையத் தொடங்கும். 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். இப்படிப் பாதியாக ஆகும் காலத்தைத்தான் அரை ஆயுட்காலம் என்கிறோம். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால், இறந்து எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இந்தக் கணக்கு சுமார் 50,000 ஆண்டு வரைதான் செல்லும். பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். அதற்குமேல், தோண்டியவர் கையில் இருந்து ஒட்டிய புதிய கார்பனே முடிவைப் புரட்டிப் போட்டுவிடும். ஒரு கணக்குச் சொல்கிறேன், மாணவர்கள் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பூமியில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை, 1 போட்டு 50 பூஜ்யம் இட்டால் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு. அத்தனை அணுவும் கார்பன்-14 என்றே வைத்துக்கொள்வோம். 166 அல்லது 167 தடவை பாதியாக்கினால் ஒரே ஓர் அணுதான் மிஞ்சும். 5,730ஐ 167ஆல் பெருக்குங்கள். பத்து லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை! டைனோசர்கள் அழிந்து ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டு ஆகிறது. டைனோசர் எலும்பைக் கார்பன் முறையில் அளந்தார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவருக்கு இந்தப் பெருக்கலைச் செய்து காட்டுங்கள்.

ஆகவே மிக மெதுவாகக் கரையும் பொருள் ஒன்று வேண்டும். அது நம் எல்லோரிடமும் இருக்கிறது. பொட்டாசியம். பழத்திலும் கீரையிலும் வருகிற அதே பொட்டாசியம்தான். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகப் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க ஐசோடோப்பு கலந்திருக்கிறது. அதன் அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டு.

இங்கே உடனே எழும் சந்தேகம் நியாயமானது. 125 கோடி ஆண்டு யார் உட்கார்ந்து பார்த்தார்கள்? பார்க்கத் தேவையில்லை. ஒரு கிராம் சாதாரணப் பொட்டாசியத்தைக் கருவிக்கு முன்னால் வைத்தால், வினாடிக்கு ஏறக்குறைய 30 அணுக்கள் சிதைவதை எண்ணலாம். உங்கள் ஒவ்வொருவர் உடம்பிலும் நொடிக்குச் சில ஆயிரம் பொட்டாசியம் அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. மொத்தம் எத்தனை அணு இருக்கிறது என்பது தெரியும். வினாடிக்கு எத்தனை போகிறது என்பதும் தெரியும். பாதியாக எத்தனை காலம் ஆகும் என்பது அதன்பிறகு வெறும் வகுத்தல்.

அரை ஆயுட்காலம் என்பதைப் பள்ளியில் ஒரு வளைகோடு வரைந்து முடித்துவிடுகிறோம். அதன் உள்ளே இருக்கிற வியப்பை மாணவர்களிடம் சொல்வதில்லை என்பது என் வருத்தம். அணுவுக்கு முதுமை கிடையாது. தொண்ணூறு வயதுக்காரருக்கும் பத்து வயதுச் சிறுவனுக்கும் அடுத்த ஆண்டு உயிரோடிருக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. ஆனால் பூமி பிறந்த நாளிலிருந்து சிதையாமல் 450 கோடி ஆண்டு தாக்குப்பிடித்த ஒரு பொட்டாசியம்-40 அணுவும், வேறு எந்த அணுவும், அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பில் துளியும் வேறுபடுவதில்லை. எந்த அணு எப்போது போகும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கோடிகோடி அணுக்களில் எத்தனை போகும் என்று மட்டும் மிகத் துல்லியமாகச் சொல்லலாம். தனி ஒன்றைப் பற்றிய முழு அறியாமையும் கூட்டத்தைப் பற்றிய முழு உறுதியும் ஒரே விதியில் சேர்ந்திருக்கின்றன. இதைவிட அழகான ஒன்றை இயற்பியலில் நான் கண்டதில்லை.

சரி, எரிமலைக்கு வருவோம். பொட்டாசியம்-40 சிதையும்போது நூறில் 89 கால்சியமாகப் போய்விடும். ஏறக்குறைய 11 ஆர்கான்-40 ஆகும். கால்சியம் பாறையில் ஏற்கெனவே எக்கச்சக்கமாக இருப்பதால் புதிதாக வந்ததைப் பிரித்தறிய வழியில்லை. ஆர்கான் அப்படியல்ல. அது வாயு. யாரோடும் வேதிவினையில் சேராது. பாறைக் குழம்பு உருகிக் கொதிக்கும் நிலையில் ஆர்கான் தப்பி வெளியேறிவிடும். குழம்பு வெடித்துச் சிதறிக் குளிர்ந்து, அதில் இருக்கும் ஃபெல்ஸ்பார் படிகங்கள் இறுகியபின், உள்ளே உண்டாகும் ஆர்கானுக்கு வெளியேற வழி கிடையாது. அடைபட்டுவிடும். கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும் கணம் அதுதான். எரிமலை வெடித்த நாள்தான் படிகத்தின் பிறந்த நாள். ஆற்றுமணலுக்கோ களிமண்ணுக்கோ இப்படி ஒரு பிறந்த நாள் கிடையாது. அவை எங்கோ உடைந்த பழைய பாறையின் தூள். எலும்புகளோ பெரும்பாலும் மணலிலும் களிமண்ணிலும்தான் புதைகின்றன. அதனால்தான் சாம்பலைத் தேடி அலைகிறார்கள்.

இனி ஒரு கணக்கு. பத்து லட்சம் பொட்டாசியம்-40 அணுக்களை எடுத்துக்கொள்வோம். 20 லட்சம் ஆண்டில் அவற்றில் எத்தனை சிதையும்? சிதைவுச் சூத்திரத்தில் வரும் 0.693 என்ற மாறிலியை அரை ஆயுட்காலத்தால் வகுத்தால் ஆண்டுக்கு எந்த விகிதத்தில் சிதைகிறது என்பது கிடைக்கும். அதை 20 லட்சத்தால் பெருக்கினால் 0.0011 வரும். அதாவது பத்து லட்சத்தில் சுமார் 1,100 அணு. அதில் ஆர்கானாக மாறுவது ஒரு சிறு பங்கு, சுமார் 120. பத்து லட்சத்துக்கு நூற்றிருபது! இந்தச் சின்ன எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற பெரிய சண்டையே இந்த எண்ணைப் பற்றியதுதான்.

அளக்கும்போது காற்று ஒரு தொல்லை. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் நூறில் ஒரு பங்கு ஆர்கான். அது கருவிக்குள்ளும் கல்லின் மேற்பரப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்லவேளையாகக் காற்றில் உள்ள ஆர்கானில் ஆர்கான்-36 என்ற இன்னொரு வகையும் உண்டு. அந்த ஒன்றுக்குச் சுமார் 298 என்ற கணக்கில் ஆர்கான்-40 இருக்கும். பொட்டாசியத்திலிருந்து ஆர்கான்-36 பிறப்பதில்லை. ஆகவே ஆர்கான்-36 எத்தனை என்று எண்ணி, 298ஆல் பெருக்கிக் கழித்துவிட்டால் காற்றிலிருந்து வந்தது நீங்கிவிடும். மிஞ்சுவது கல்லுக்குள் பிறந்தது.

1966இல் இன்னொரு நுட்பம் வந்தது. கல்லை அணு உலைக்குள் வைத்து நியூட்ரான்களால் அடித்தால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி ஆர்கான்-39 ஆக மாறும். பிறகு பொட்டாசியத்தைத் தனியாக அளக்க வேண்டாம். ஒரே ஒரு படிக மணியை, பின்னாளில் லேசரால், உருக்கி இரண்டு ஆர்கானையும் ஒரே கருவியில் ஒப்பிட்டுவிடலாம். இதை ஆர்கான்-ஆர்கான் முறை என்கிறார்கள்.

இதெல்லாம் நம்பத்தக்கதுதானா? தேதி தெரிந்த ஒன்றை அளந்து காட்டு என்று கேட்பதுதான் முறை. காட்டியிருக்கிறார்கள். இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் வெடித்துப் பாம்பேயி நகரத்தை மூடியது. அதைக் கண்ணால் கண்ட இளைய பிளினி கடிதங்களில் எழுதி வைத்திருக்கிறார். அந்த வெடிப்பில் வந்த படிகங்களைக் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பால் ரென்னியும் அவர் கூட்டாளிகளும் ஆர்கான்-ஆர்கான் முறையில் அளந்து 1997இல் வெளியிட்டார்கள். கிடைத்த வயது 1,925 ஆண்டு, 94 ஆண்டு கூடலாம் குறையலாம். உண்மையில் ஆகியிருந்தது 1,918 ஆண்டு. 125 கோடி ஆண்டில் பாதியாகும் ஒரு பொருளை வைத்து இரண்டாயிரம் ஆண்டுக்கும் உட்பட்ட ஒரு நிகழ்ச்சியை ஏழு ஆண்டு வித்தியாசத்தில் சொல்லிவிட்டார்கள். 

பழைய காலத்தில் இந்தச் சிதைவு வேகம் வேறாக இருந்திருந்தால்? இதையும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள், வானத்திடம். 1987இல் நம் அண்டையில் உள்ள பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது தெரிந்தது. அதன் ஒளி நம்மை வந்து சேர சுமார் 1,68,000 ஆண்டு பிடித்தது. வெடிப்பில் உண்டான கோபால்ட்-56 சிதைந்து ஒளி மங்கிய வேகத்தை இங்கிருந்து அளந்தார்கள். பாதியாக 77 நாள். நம் ஆய்வகத்தில் கோபால்ட்-56 பாதியாவதும் 77 நாளில்தான். இடமும் காலமும் அத்தனை தூரம் தள்ளிப்போயும் விதி மாறவில்லை.

அப்படியானால் எல்லாம் எளிது, கருவியில் கல்லைப் போட்டால் வயது வந்துவிடும் என்று தோன்றும். அங்கேதான் கதை தொடங்குகிறது. கடிகாரம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. யாருடைய கடிகாரத்தைப் பார்க்கிறோம் என்பதில்தான் ஏமாந்துபோகிறோம்.

கென்யாவின் வடக்கே, எத்தியோப்பிய எல்லையை ஒட்டி துர்க்கானா ஏரி இருக்கிறது. அன்று அதன் பெயர் ருடால்ஃப் ஏரி. கிழக்குக் கரையில் கூபி ஃபோரா என்ற வறண்ட பொட்டல். ரிச்சர்ட் லீக்கி அங்கே 1968இல் தேடலைத் தொடங்கினார். அவருடைய தாய் மேரி லீக்கி, தான்சானியாவின் ஓல்டுவாயில் 1959இல் ஒரு மண்டையோட்டைக் கண்டுபிடித்திருந்தார். அதன் வயது ஆறு லட்சம் ஆண்டு இருக்கலாம் என்று தந்தை லூயி லீக்கி நினைத்திருந்தார். பெர்க்லியின் ஜாக் எவர்ன்டனும் கார்னிஸ் கர்ட்டிஸும் அந்த அடுக்கின் சாம்பலைப் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் அளந்து 17 லட்சத்து 50 ஆயிரம் ஆண்டு என்று 1961இல் அறிவித்தபோது உலகமே திகைத்தது. மனிதக் குலத்தின் வரலாறு ஒரே கட்டுரையில் மூன்று மடங்கு நீண்டுவிட்டது. இந்த நினைவோடுதான் மகனும் கூபி ஃபோராவுக்குப் போனார்.

1969இல் கே பேரன்ஸ்மையர் என்ற இளம் நிலவியலாளர் அங்கே ஒரு சாம்பல் அடுக்கில் கற்கருவிகளைக் கண்டார். அவர் பெயரின் முதலெழுத்துகளோடு, இடம் என்று பொருள்படும் ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தையும் சேர்த்து அந்த அடுக்குக்கு கேபிஎஸ் என்று பெயரிட்டார்கள். சாம்பல் மாதிரி இங்கிலாந்துக்குப் போயிற்று. லண்டனின் ஃபிராங்க் ஃபிட்ச், கேம்பிரிட்ஜின் ஜாக் மில்லர் இருவரும் அளந்தார்கள். முதல் தடவை வந்த விடை 22 கோடி ஆண்டு!

மனிதக் கைபட்ட கருவிகள் டைனோசர் காலத்தில் இருந்திருக்க முடியாது. அப்படியென்றால் என்ன நடந்தது? கேபிஎஸ் சாம்பல் வானத்திலிருந்து நேராக அங்கே விழுந்ததல்ல. எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் வெடித்த எரிமலையின் சாம்பலை ஆறு அடித்துக்கொண்டு வந்து ஏரிப் படுகையில் போட்டது. வருகிற வழியெல்லாம் கரையோரப் பழம்பாறைகளின் மணிகளையும் வாரிக்கொண்டு வந்தது. புதிய மணியும் பழைய மணியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆகவே அவர்கள் இன்னும் நல்ல மாதிரி கேட்டு வாங்கி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எடுத்து, மறுபடி அளந்தார்கள். 26 லட்சத்து 10 ஆயிரம் ஆண்டு என்று 1970இல் அறிவித்தார்கள். அனைவருக்கும் நிம்மதி.

1972இல் அந்தச் சாம்பலுக்குக் கீழே இருந்த அடுக்கில், லீக்கி குழுவின் பெர்னார்ட் ங்கெனியோ ஒரு சரிவில் எலும்புத் துண்டுகள் சிதறிக் கிடப்பதைக் கண்டார். சலித்துப் பொறுக்கிய நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளை மீவ் லீக்கி வாரக்கணக்கில் பொருத்தினார். உருவானது 1470 என்ற பதிவு எண்ணால் உலகப் புகழ்பெற்ற மண்டையோடு. அதன் மூளை, அத்தனை பழையவை என்று அன்று அறியப்பட்டிருந்த மற்ற மண்டையோடுகளின் மூளையைவிடப் பெரியது. சாம்பல் 26 லட்சம் என்றால் அதற்குக் கீழே இருப்பது இன்னும் பழையது அல்லவா? 29 லட்சம் ஆண்டு என்று அறிவித்தார் ரிச்சர்ட் லீக்கி. அது உண்மையானால் மனித மூதாதையர் வரிசை முழுவதையும் புதிதாக எழுத வேண்டும்.

தடுத்து நிறுத்தியவை பன்றிகள்.

கூபி ஃபோராவுக்கு வடக்கே எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றுப் படுகை. அங்கே இன்னொரு குழு தோண்டிக்கொண்டிருந்தது. ஓமோவில் சாம்பல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிறைய உண்டு. அவற்றை ஃபிராங்க் பிரவுன் அளந்து வரிசைப்படுத்தியிருந்தார். பன்றிப் படிவங்களில் வல்லவரான பேசில் குக் இரு இடத்துப் பன்றிகளின் பற்களையும் ஒப்பிட்டார். அந்தக் காலத்துப் பன்றிகளின் கடைசிக் கடைவாய்ப் பல் காலம் செல்லச் செல்ல நீண்டு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பல்லின் நீளத்தைப் பார்த்தே எந்தக் காலத்துப் பன்றி என்று சொல்லிவிடலாம். கேபிஎஸ் சாம்பலுக்குக் கீழே கிடைத்த பன்றியின் பல், ஓமோவில் 20 லட்சம் ஆண்டு அடுக்குகளில் கிடைத்த பல்லோடு பொருந்தியது. 26 லட்சம் ஆண்டு அடுக்கோடு பொருந்தவில்லை. ஒரே ஏரிப் படுகையில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு வெவ்வேறு வேகத்தில் பன்றிகள் பரிணமித்திருக்க முடியுமா? இயற்பியல் எண்ணைப் பல்லைக் காட்டி மறுப்பதா என்று அன்று பலர் சீறினார்கள்.

கர்ட்டிஸ் குழு 1975இல் அதே சாம்பலை அளந்து 18 லட்சம் என்றும் 16 லட்சம் என்றும் சொன்னது. ஃபிட்சும் மில்லரும் 1976இல் தங்கள் எண்ணை 24 லட்சமாகக் குறைத்தார்களே தவிர, விட்டுக்கொடுக்கவில்லை. அதே ஆண்டில் முற்றிலும் வேறான ஒரு முறை அவர்கள் பக்கம் சாய்ந்தது. சிர்கான் படிகத்துக்குள் யுரேனியம் அணு தானாகப் பிளக்கும்போது ஒரு சின்னத் தடம் விழும். அமிலத்தில் அரித்து நுண்ணோக்கியில் தடங்களை எண்ணினால் வயது தெரியும். அப்படி எண்ணியவர்களும் 24 லட்சம் என்றார்கள். இரண்டு சுதந்திரமான முறைகள் ஒரே விடை தந்துவிட்டன, இனி என்ன என்று கேட்கத் தோன்றும். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் கலக்கம் தரும் இடம் இதுதான். இரண்டுமே தவறு.

எவ்வளவு சின்னத் தவறு போதும் என்று பாருங்கள். நாம் போட்ட கணக்கை எடுத்துக்கொள்வோம். சாம்பல் 18 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டு என்றால், பத்து லட்சம் பொட்டாசியம்-40 அணுவுக்கு ஆர்கான் சுமார் 110. 26 லட்சத்து 10 ஆயிரம் என்றால் சுமார் 150. இந்த நாற்பது அணுதான் சண்டை. இப்போது 22 கோடி ஆண்டு பழைய மணி ஒன்றில் எவ்வளவு ஆர்கான் இருக்கும்? பதின்மூவாயிரத்துக்கும் மேல். அப்படிப்பட்ட மணிகள் ஆயிரத்துக்கு மூன்று கலந்தால் போதும், நாற்பது அணு கூடிவிடும். ஏழு லட்சம் ஆண்டு எங்கிருந்தோ முளைத்துவிடும். ஆயிரம் மணியில் மூன்று!

சிக்கலை அவிழ்த்தது ஒரு வேலை அல்ல, பல வேலைகள். 1979இல் தூரே செர்லிங், பிரவுன் முதலியோர் சாம்பல்களின் வேதியியல் கலவையை ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு வெடிப்பின் சாம்பலுக்கும் தனிக் கலவை உண்டு. கேபிஎஸ் சாம்பலும், ஓமோவில் எச்2 என்று பெயரிட்ட சாம்பலும் ஒரே வெடிப்பின் பிள்ளைகள் என்று தெரிந்தது. எச்2 20 லட்சத்துக்கும் குறைவான வயது என்று ஏற்கெனவே தெரியும். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் இயன் மெக்டூகல் வேறு வழி பிடித்தார். தூளான சாம்பலை விட்டுவிட்டு, அதில் அங்கங்கே கிடந்த நுரைக்கல் உருண்டைகளை எடுத்தார். நுரைக்கல் எரிமலையின் வாயிலிருந்தே கட்டியாக வருவது. அதற்குள் மூடிக்கிடக்கும் ஃபெல்ஸ்பார் படிகத்தோடு ஆற்றங்கரை மணி எப்படிக் கலக்கும்? அந்தப் படிகங்களை அவர் பொட்டாசியம்-ஆர்கான் முறையிலும் ஆர்கான்-ஆர்கான் முறையிலும் அளந்தார். 1980இலும் 1981இலும் வந்த விடைகள் 18 லட்சத்து 90 ஆயிரம், 18 லட்சத்து 80 ஆயிரம். யுரேனியத் தடம் எண்ணியவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ கிளீடோ, மறுபடி உட்கார்ந்து, தடம் எது, படிகத்தின் கீறல் எது என்று கண்டிப்பாகப் பிரித்து எண்ணினார். 18 லட்சத்து 70 ஆயிரம் என்று 1980இல் தம் எண்ணைத் தாமே திருத்தி வெளியிட்டார். அந்த நேர்மைக்காகவே அவர் பெயரை இங்கே சொல்ல விரும்பினேன்.

1470 மண்டையோட்டின் வயது இன்று ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டு. மனித மூதாதையர் வரிசை முழுவதையும் புதிதாக எழுத வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

பாறையை வைத்துப் படிவத்துக்கு வயது சொல்கிறார்கள், படிவத்தை வைத்துப் பாறைக்கு வயது சொல்கிறார்கள், இது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கேபிஎஸ் விவகாரம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். பன்றியும் ஆர்கானும் ஒன்றையொன்று ஒத்துப்போகும்படி யாரும் வளைக்கவில்லை. பல ஆண்டு முரண்பட்டு நின்றன. முரண்பட முடிந்ததே அவை ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல என்பதற்கு அத்தாட்சி.

இன்னும் பழைய பாறைகளுக்கு யுரேனியமும் ஈயமும் துணை. சிர்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. பின்னால் அதில் காணும் ஈயம் எல்லாம் உள்ளே பிறந்ததுதான். அதிலும் யுரேனியம்-238 ஒரு கடிகாரம், யுரேனியம்-235 இன்னொரு கடிகாரம். ஒன்று 447 கோடி ஆண்டிலும், மற்றது 70 கோடி ஆண்டிலும் பாதியாகும். ஒரே படிகத்துக்குள் இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் அதை உறுதியாக நம்பலாம்.

நம் பக்கத்தில் இப்படிச் சாம்பல் உண்டா? உண்டு. சுமத்ராவில் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுக்கு முன் வெடித்தபோது அந்தச் சாம்பல் இந்தியாவிலும் படிந்தது. ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்கின் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. கார்பன் எட்டாத காலம் அது. சாம்பல் மட்டும் இல்லையென்றால் அந்தக் கருவிகளுக்குத் தேதி சொல்வது பெரும்பாடாக இருந்திருக்கும்.

அரியலூர் வேறு கதை. நம் மாநிலத்தின் மிகச் சிறந்த புதைபடிவ நிலம் அது. திருச்சி, பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் கிரெட்டேசியஸ் என்ற நிலவியல் காலத்துக் கடல் விட்டுச்சென்ற படிவுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் அந்த நிலத்தை வரைபடமாக்கினார். ஸ்டோலிச்கா என்ற ஆய்வாளர் அங்கே கிடைத்த அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர்களையும் சிப்பிகளையும் பற்றி விரிவாக எழுதினார். காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் இன்றும் மழைக்குப் பிறகு சுருள் சுருளாக அம்மோனைட்டுகள் வெளியே தெரியும். ஆனால் கேபிஎஸ் போல ஆர்கான் கொண்டு தேதி சொல்ல வாகான எரிமலைச் சாம்பல் வரிசை அங்கே இல்லை. பிறகு எப்படி ஒன்பது கோடி, ஏழு கோடி என்று சொல்கிறார்கள்?

கடன் வாங்கித்தான். அம்மோனைட்டுகள் வேகமாக இனம் மாறியவை. கடல் வழியே வெகுதூரம் பரவியவை. அதே கிரெட்டேசியஸ் காலத்தில் வட அமெரிக்காவின் நடுவே ஒரு கடல் இருந்தது. அதன் மேற்குக் கரையோரம் எரிமலைகள் ஓயாமல் வெடித்தன. அங்கே அம்மோனைட்டு அடுக்குகளுக்கு இடையிடையே சாம்பல் களிமண் அடுக்குகள் இருக்கின்றன. வில்லியம் காபன் அம்மோனைட்டுகளை வரிசைப்படுத்தினார். ஜான் ஒப்ராடோவிச் சாம்பலை அளந்தார். இருவரும் சேர்ந்து 1970களில் வெளியிட்ட கால அட்டவணை பின்னாளில் மேலும் மேலும் செம்மையாகி உலக அளவுகோலின் ஒரு தூண் ஆயிற்று. அரியலூர் அம்மோனைட்டு நேராக அமெரிக்க அம்மோனைட்டோடு எப்போதும் பொருந்துவதில்லை. ஐரோப்பிய இனங்கள், நுண்ணுயிர் ஓடுகள், கடல்நீரின் ஸ்ட்ரான்சியம் விகிதம் என்று படிப்படியாக இணைத்துத்தான் அந்தத் தேதி இங்கே வந்து சேருகிறது. அமெரிக்காவின் வயோமிங்கில் விழுந்த சாம்பல் திருச்சி வட்டாரத்து ஊட்டத்தூரில் கிடக்கும் சிப்பிக்கு வயது சொல்லும் வழி இது. வழி நீளமானது. ஒவ்வொரு கண்ணியையும் சரிபார்க்கலாம்.

இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மட்டும் நம் கையில் இருக்கிறது. படிவம் எந்த அடுக்கில் கிடந்தது என்பது. 1470 மண்டையோடு கேபிஎஸ் சாம்பலுக்குக் கீழே கிடந்தது என்பது தெரிந்திருந்ததால்தான் பல ஆண்டு சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வர முடிந்தது. எங்கே எடுத்தது என்று தெரியாமல் கண்ணாடி அலமாரியில் ஏறிவிட்ட படிவத்துக்கு எந்த ஆய்வகத்தாலும் துல்லியமான தேதி சொல்ல இயலாது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் ஏராளம். இங்கே வந்திருக்கும் மாணவர்களில் பலர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று அறிகிறேன். ஓடையிலோ சுரங்கத்து ஓரத்திலோ ஒரு படிவத்தைக் கண்டால் பெயர்த்து எடுக்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். தொலைபேசியில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். படிவத்துக்கு மேலே எந்த நிற மண், கீழே எந்த நிற மண், ஒவ்வொன்றும் எத்தனை கை உயரம் என்று அன்றைக்கே எழுதுங்கள். அருகில் உள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கு அந்தக் குறிப்பைக் கொண்டுபோய்க் கொடுங்கள். படிவம் அது கிடந்த இடத்திலேயே இருக்கட்டும்.